தாய்லாந்தின் நடைபாதை வணிகம்

தாய்லாந்து நகரங்களில், குறிப்பாகப் பாங்காக்கில், நடைபாதைகளிலும் சந்து முனைகளிலும் நடக்கும் சில்லறை வணிகம். காவடித் தண்டில் இரு கூடைகளைத் தொங்கவிட்டு நடந்தே விற்போர் பழைய வகையினர்; இன்று தள்ளுவண்டிகளே மிகுதி. சாலைச் சந்திப்புகளில் மல்லிகை மாலை விற்போரும் உண்டு.

விற்போரில் பலர் வடகிழக்கின் ஈசான் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களோடு நகருக்கு வந்த உணவு சோம்தாம். மிளகாயையும் பூண்டையும் உரலில் இடித்து, சீவிய பப்பாளிக்காய், எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, பனைவெல்லம் சேர்த்து, ஒரு கையால் கரண்டியில் புரட்டிக்கொண்டே மறுகையால் மெல்லக் குத்துவார்கள். எத்தனை மிளகாய் என்று முதலிலேயே கேட்டுவிடுவது வழக்கம். தெருவில் விற்கும் இன்னொரு பண்டமான, வாழைப்பழம் வைத்துச் சுட்டுக் கெட்டிப்பால் ஊற்றித் தரும் ரொட்டி நம் பரோட்டாவுக்கு நெருங்கிய உறவு.

1997 நிதி நெருக்கடியில் வேலையிழந்த பலர் தெருவுக்கு வந்தனர். அந்த நெருக்கடியில் நொடித்த பங்கு வணிகர் சிரிவத் வொரவேத்வுத்திகுன் சாண்ட்விச் விற்றுப் புகழ்பெற்றார். 2014இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் பாங்காக் மாநகர நிர்வாகம் பல நடைபாதைகளைக் காலிசெய்தது. நடக்க இடமில்லை என்ற பாதசாரிகளின் புகார் நியாயமானதே. ஆனால் சமையலறை இல்லாத வாடகை அறைகளில் வாழும் தொழிலாளர்களுக்கு மலிவான சாப்பாடு இந்த வண்டிகளில்தான் கிடைக்கிறது.