சாவியைத் தன்னுள்ளேயே வைத்திருந்த பூட்டு

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளை நிரலாக்கம் பயிலாதவரும் உருவாக்க வழிசெய்தது, ஜப்பானிய மென்பொருளான 'ஆர்.பி.ஜி. மேக்கர்'. அதன் 95, 2000 ஆகிய பதிப்புகளை 'டான் மிகேல்' என்ற புனைபெயரில் ரஷ்யர் ஒருவர் அனுமதியின்றி ஆங்கிலமாக்கினார். ஜப்பானுக்கு வெளியே அம்மென்பொருளின் கணினிப் பதிப்புகள் பரவியது பெரிதும் அம்மொழிபெயர்ப்பின் வழியாகத்தான்.

2004இல் வெளிவந்த எக்ஸ்பி பதிப்பில், ஆக்கியோர் விரும்பினால் தம் படங்களையும் நிரல்களையும் உரையாடல்களையும் மறைகுறியாக்கிய ஒரே கோப்பில் அடைக்கலாம். ஆயினும் எல்லா விளையாட்டுகளுக்கும் தொடக்கச் சாவி ஒன்றே. அவ்வெண்ணை ஒவ்வொரு படியிலும் ஏழால் பெருக்கி மூன்றைக் கூட்டினால் அடுத்த சாவி கிடைக்கும். ஒரு வீட்டைத் திறந்தவர் ஊரையே திறந்துவிடலாம். 2011இன் விஎக்ஸ் ஏஸ் பதிப்பு கோப்புக்கொரு மூல எண்ணை அளித்தது. ஆனால் அவ்வெண் அக்கோப்பின் முகப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

2015இல் தொடங்கிய எம்வி தலைமுறையில், படக்கோப்பின் முதல் 16 பைட்டுகள் மட்டுமே மறைக்கப்பட்டன. பிஎன்ஜி படங்கள் அனைத்திற்கும் அந்த 16 பைட்டுகள் ஒன்றே என்பதால், மறைந்ததையும் அறிந்ததையும் ஒப்பிட்டாலே சாவி வெளிப்படும். பிரித்தெடுப்புக் கருவிகள் செய்வதும் இத்தகைய எளிய கணக்கையே. இப்பலவீனத்திற்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமன்று. ஆடுபவரின் கணினியிலேயே விளையாட்டு தன்னைத் திறந்துகொள்ள வேண்டியிருப்பதால், சாவியும் உடன் வந்தே தீரவேண்டும்.

அவ்வாறாயின் ஆக்கியோரைக் காப்பது எது? இந்தியாவில் அது சட்டமே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்குடன் தொழில்நுட்பக் காப்பை உடைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அச்சட்டம் தடைசெய்யாத நோக்கங்களுக்கு அப்பிரிவே இடமும் தருகிறது. ஆகவே குற்றத்தின் அளவுகோல் கருவியன்று, நோக்கம். தொலைந்த தன் மூலக்கோப்பை மீட்பவரும் பிறர் ஓவியத்தைத் திருடுபவரும் பயன்படுத்தும் கருவி ஒன்றே.

மொழிபெயர்ப்பு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பாலக்காட்டின் சிற்றூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் கேரளத்திற்குள் தமிழ்வழியில் பயிலும் மாணவர்கள் உள்ளனர். ஜப்பானியத்திலோ ஆங்கிலத்திலோ அமைந்த ஒரு கதை அவர்களை அடைய வேண்டுமெனில், முதலில் அதன் உரையாடல்கள் வெளியே எடுக்கப்பட வேண்டும். ஆனால் மொழிபெயர்க்கும் உரிமை ஆக்கியோருக்கே உரியது. டான் மிகேலின் குறுக்குவழி அம்மென்பொருளுக்கு உலகைப் பெற்றுத் தந்தது உண்மை. அவ்வழியை அறமாகக் கொள்ள இயலாது. அனுமதி கேட்டுத் திறக்கப்படும் கதவே அம்மாணவர்களுக்கு நிலைத்த வாசலாகும். கேட்க ஆக்கியோரே எஞ்சாத ஆட்டங்களின் கதவை யார் திறப்பது என்பதே வரலாற்றாய்வாளர் முன்னுள்ள வினா.