கப்பலேறும் கல்வி

பொழிச்சலூரில் நம் வட்டம் கூடும் மாலைகளில், மீனம்பாக்கத்தினின்று எழும் விமானத்தின் பேரொலி கவிதை வாசிப்பைச் சற்றே நிறுத்திவைப்பதுண்டு. அவ்விமானத்தில் நம் பிள்ளைகளுள் எவரேனும் இருக்கவும் கூடும். கடல் கடக்கலாம் என்னும் நம்பிக்கை ஒரு சமூகத்தின் கல்வியை என்ன செய்யும் என்பதை யாழ்ப்பாணம் நமக்கு முன்பே கண்டது.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். அவர்கள் நாடியது சமயப் பணிக்கு ஆட்களை. மாணாக்கர் நாடியது ஆங்கிலத்தையும் அது தரும் உத்தியோகத்தையும். 1855இல் செமினரி மூடப்பட்டதற்கு இம்முரணும் ஒரு காரணம். ஈராண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் அங்குப் பயின்றவர்களே. தாமோதரம் பிள்ளை ஊரிலேயே தங்கியிருந்தால் 1887இல் கலித்தொகை அச்சேறியிருக்குமோ, அறியேன்.

பின்னர் மலாயாவில் புகைவண்டிப் பாதைகளும் அரசு அலுவலகங்களும் பெருகின. ஆங்கிலம் அறிந்த எழுத்தர் தேவைப்பட்டனர். கப்பலேறியவர் சிலரே ஆயினும், ஏறலாம் என்னும் ஆசையால் பள்ளிக்கு அனுப்பப்பட்டோர் பலர். அவ்வாறு கற்று, ஊரிலேயே தங்கிவிட்டவரின் கல்வி ஊருக்கே உரியதாயிற்று. போனவரை மட்டும் எண்ணி வருந்துவோர் இக்கணக்கை விட்டுவிடுகின்றனர்.

எனினும் போனவரால் நேரும் வெறுமையும் பொய்யன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அதனை நேரிற் கண்டார். ஆங்கிலத்தில் அவரிடம் பயின்றவர்கள் அரசுப் பதவிகளை நாடிப் பிற ஊர்களுக்குச் சென்றனர். கிராமங்களோ மருத்துவரின்றிக் கிடந்தன. ஆகவே 1860களில் அவர் கற்பிக்கும் மொழியையே தமிழாக மாற்றினார். தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருத்து. அதற்கெனக் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. இரண வைத்தியம் 1867இலும் கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. அறிவியல் தமிழின் தொடக்கத்தை மொழிப்பற்றில் மட்டுமே தேடும் நாம், ஊர் நீங்குதலைத் தடுக்கும் ஏற்பாடாகவும் அது வளர்ந்ததைச் சொல்வதில்லை.

தமிழ் கற்பிப்பவள் என்னும் முறையில் அந்நூல்கள் எனக்குப் பெருமிதம் தருகின்றன. ஆயினும் ஓர் உறுத்தல் உண்டு. கற்றவன் வெளியே செல்ல இயலாதபடி கட்டும் கயிறாகவும் தமிழ் அங்குப் பயன்பட்டதே! தங்குபவனுக்குத் தக்க ஊதியமும் மதிப்பும் அளிப்பது ஒன்று. அவனுக்குரிய வாயிலை அடைப்பது வேறு. அக்கயிற்றைத் திரித்தவரோ கடல் கடந்து வந்தவர். 1873இல் அவரும் தம் நாட்டுக்குக் கப்பலேறினார்.