குடுமியான்மலை இசைக் கல்வெட்டு: காலம் கணித்த வரலாறு

குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் எனப்படும் குடைவரையை ஒட்டிய பாறையில் வெட்டப்பட்டுள்ள சுரக் குறிப்புத் தொகுதி. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்தது. இந்தியாவில் சுரங்கள் எழுத்தாகப் பதிவாகி இன்றும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. காலம் பொதுவாகக் கி.பி. 7ஆம் நூற்றாண்டு என்று கொள்ளப்படுகிறது. 8ஆம் நூற்றாண்டு என்போரும் உண்டு.

ஆண்டோ, ஆட்சியாண்டோ, அரசனின் பெயரோ இதில் இல்லை. ஆகவே இதன் வயது முழுக்க முழுக்கச் சான்றுகளைச் சேர்த்துக் கணிக்கப்பட்டதே.

கண்டெடுப்பும் பதிப்பும்

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த 1904இல் கல்வெட்டுத் துறையினர் இதைக் கண்டறிந்தனர். பி.ஆர். பண்டார்கர் இதைப் படித்து, ‘எபிகிராபியா இண்டிகா’ 12ஆம் தொகுதியில் (1913–14) வெளியிட்டார். எழுத்தின் வடிவத்தை வைத்து 7ஆம் நூற்றாண்டு என அவர் கணித்தார். பிற்பாடு ரிச்சர்ட் விட்டெஸ் போன்ற இசையியல் அறிஞர்கள் சுர அமைப்பை விரிவாக ஆராய்ந்தனர்.

கல்லில் உள்ளது என்ன?

சிவ வணக்கத்தோடு தொடங்கும் கல்வெட்டு ஏழு பகுதிகளாகப் பிரிகிறது: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டுள்ளன. ஓர் உட்பிரிவில் வரும் நாற்சுரக் கோவைகள் எல்லாம் ஒரே சுரத்தில் முடிகின்றன. ஒவ்வொரு சுரமும் நான்கு உயிரொலிகளை ஏற்கிறது. ரிஷபம் என்றால் ‘ர, ரி, ரு, ரே’. ஷட்ஜம் என்றால் ‘ச, சி, சு, சே’. சில சுரங்களின் தலையில் புள்ளியும் உண்டு. உயிர் மாறுவதும் புள்ளி இடுவதும் நரம்பை மீட்டும் முறையைக் குறிக்கின்றனவா, வேறு நுட்பத்தையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

ருத்ராசாரியரின் மாணவரும் பரமமாகேஸ்வரருமான (சிவபக்தருமான) ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இவற்றை இயற்றினார் என்று முடிவுரை சொல்கிறது. அதன் கீழே தமிழில் ஒரு சிறு குறிப்பு: இவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்பது அதன் கருத்து. எட்டு நரம்பு யாழ், ஏழு நரம்பு யாழ் இரண்டிலும் வாசிக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்வோர் உள்ளனர்.

எழுத்து சொல்லும் காலம்

தேதி இல்லாத கல்வெட்டை, காலம் உறுதியான கல்வெட்டுகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே வழக்கம். இங்கே அதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் சேர்ந்தே வருகின்றன. ச, ர, க, ம, ப, த, ந என்ற சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வருவதால், ஒரே எழுத்தை அந்தச் சிற்பி எத்தனை விதமாக வெட்டினார் என்று துல்லியமாகப் பார்க்கலாம். மற்ற எழுத்துகளுக்கோ தலைப்புகளையும் முடிவுரையையும் மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. பழைய வடிவத்தைப் பிடிவாதமாகக் காப்பாற்றும் கைகளும் உண்டு என்பதால், எழுத்தமைதி ஒரு நூற்றாண்டை நெருங்கிக் காட்டுமே தவிர, குறித்த ஆண்டைக் காட்டாது.

இசைச் சான்றும் இதற்குத் துணை நிற்கிறது. இங்குள்ள ஏழு பகுதிகளும் குறிக்கும் கிராமராகங்கள் (பழைய ராக வகை) நாரதீய சிக்ஷை என்ற பழைய நூலில் சொல்லப்படுபவையே. 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரத்தில் இவை பெரிய ராகப் பட்டியல் ஒன்றின் சிறு பகுதியாகிவிடுகின்றன. ஏழை மட்டுமே தனித் தொகுதியாக எடுத்துக்கொள்ளும் குடுமியான்மலை, பழைய மரபின் பக்கம் நிற்கிறது.

இசைக்கருவிகளின் வயதைக் கணிப்போரும் இப்படித்தான் சான்றுகளை அடுக்குகின்றனர். பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியளவுத் திருகுக்குள் இருக்கும் பாகத்தில் ‘1376612’ என்று பொறித்திருந்தால், 137 தயாரிப்பாளரையும் 66 ஆண்டையும் 12 வாரத்தையும் குறிக்கும். அந்தப் பாகம் பிறந்தது 1966இன் 12ஆம் வாரத்தில். பாகம் ஆலையிலேயே பொருத்தியதாக இருந்தால் கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பழுது பார்க்கையில் மாற்றியதென்றால் அந்த எண்ணால் பயனில்லை. அதனால்தான் கழுத்தின் அடியில் எழுதிய தேதி, வரிசை எண், பற்றவைத்த இடத்தின் பழமை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கின்றனர்.

அரசன் யார்?

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே முடிவுரை சொல்லும் அந்த அரசன் என்பது பரவலாகத் தெரிந்த கருத்து. ‘பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும்’ குறித்த தம் ஆங்கில நூலில் (1938) சி. மீனாட்சி இதை ஆதரித்தார். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரனுக்குச் ‘சங்கீர்ணஜாதி’ என்ற பட்டம் உண்டு. அதை இசைப் புலமையோடு இணைத்துப் பார்ப்பர். திருச்சி மலைக்கோட்டையில் அவன் வெட்டிய லலிதாங்குர பல்லவேசுவரகிருகம் இருப்பதால், அவன் கை காவிரிக்கரை வரை நீண்டதும் உறுதி.

எதிர்வாதமும் வலுவானதே. மகேந்திரன் தன் குடைவரைகளில் பட்டங்களை வரிசையாகப் பொறித்துக்கொண்டவன். குடுமியான்மலையில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. காவிரிக்குத் தெற்கே பாண்டியரும் முத்தரையரும் செல்வாக்குப் பெற்றிருந்த பகுதி இது.

அண்டையிலுள்ள சித்தன்னவாசல் இங்கே நல்ல பாடம். அங்குள்ள குடைவரை ஓவியங்களும் நெடுங்காலம் மகேந்திரவர்மன் கணக்கிலேயே இருந்தன. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன், பாண்டியன் அவனிபசேகரன் காலத்தில் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு தெரிந்தபின், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி வெளிச்சத்துக்கு வந்தது.

பரிவாதினி

குடுமியான்மலைக் குடைவரைப் பகுதியிலும் திருமயம், மலையக்கோயில் ஆகிய ஊர்களிலும் ‘பரிவாதினி’ என்ற பெயர் கல்லில் இருக்கிறது. அமரகோசம் ஏழு நரம்புடைய வீணையைப் பரிவாதினி என்கிறது. திருமயத்திலும் இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. அதன் பெரும்பகுதி பிற்காலச் சாசனத்துக்கு இடம்விட்டு அழிந்துவிட்டது. மூன்று ஊர்களும் ஒரே வட்டாரத்தில் நெருங்கி இருப்பதால், இது தனி ஒரு மன்னனின் ஆர்வம் மட்டுமல்ல, இங்கே வேரூன்றிய ஒரு பயிற்சி மரபு என்று கருத இடமுண்டு.

இன்றைய நிலை

சுற்றுலாக் கையேடுகள் பலவற்றில் மகேந்திரவர்மன் பெயர் முடிந்த முடிவாகவே அச்சாகிறது. கல்வெட்டு தரும் சான்றுகளின்படி, எழுத்தமைதியால் 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது, சைவ அரசர் ஒருவர் இயற்றியது, அவருடைய குரு ருத்ராசாரியர் என்ற மூன்றையும் முதலில் சொல்லி, மகேந்திரனை அறிஞர்களின் கருத்துகளுள் ஒன்றாக அடுத்து வைப்பதே சரியான வரிசை.