ஒடியோலை கற்பிக்கும் மூன்றாவது பரிமாணம்

ஒரு தாளில் வட்டம் ஒன்று வரையுங்கள். அது பந்தா, தட்டா, உருளையின் முகமா? வட்டத்தை மட்டும் பார்த்து எவரும் விடை கூற முடியாது. நீளமும் அகலமும் தாளில் அடங்கிவிடுகின்றன, தடிமன் அடங்குவதில்லை. நம் பள்ளிகளிலோ ஓவிய வகுப்பு என்றால் தாளும் பென்சிலுந்தான். ஆகவே பன்னிரண்டு ஆண்டுகள் படித்த மாணவருக்கும் ஒரு திண்ம உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வாய்ப்பதில்லை.

இயற்பியல் வகுப்பில் இக்குறை உடனே வெளிப்பட்டுவிடும். சோற்றுப்புப் படிகத்தில் ஒரு சோடியம் அயனியை ஒட்டி எத்தனைக் குளோரைடு அயனிகள் உள்ளன என்று கேட்டால், கரும்பலகைப் படத்தை எண்ணிப் பார்த்து 'நான்கு' என்பவர் பலர். பலகைக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு அயனிகள் அவர்கள் கணக்கில் விடுபட்டுவிடும். சரியான விடை ஆறு.

இக்குறையைப் போக்க நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. காவிரிக் கரையில், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுவாமிமலையில், திண்ம உருவத்தைத் தொடக்க மாணவனுக்குக் கற்பிக்கும் முறை ஒன்று தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. அங்கே மெழுகு வார்ப்பில் செப்புத் திருமேனிகள் செய்யும் ஸ்தபதிகளின் முறைதான் அது.

கணக்கரின் முழமும் சிற்பியின் ஓலையும்

முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கி.பி. 1010-இல் நிறைவெய்தியது. அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் பட்டியல் சுவர்களில் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு திருமேனிக்கும் கைகள் எத்தனை, அது கனமாக வார்க்கப்பட்டதா என்னும் விவரங்களோடு, உயரமும் முழம், விரல், தோரை என்னும் அளவுகளில் தரப்பட்டுள்ளது. 24 விரல் ஒரு முழம். எட்டுத் தோரை ஒரு விரல். தோரை என்பது மலைநெல்லின் பெயருமாகும். நெல் விளையும் நாட்டில் நெல்லே நீட்டலளவைக்கும் அடிப்படையானதில் வியப்பில்லை அன்றோ?

இவ்வளவு கோயில் கணக்கருக்கு உரியது. பொருள் எவ்வளவு பெரியது என்பதை அது கூறும். எப்படிச் செய்வது என்பதைக் கூறாது. செய்பவன் கையாளும் அளவு வேறு. அதுவே ஒடியோலை.

தென்னையோலையின் இலைநறுக்கு ஒன்றை எடுத்து, செய்யவிருக்கும் திருமேனியின் உயரத்துக்குச் சரியாக வெட்டிக்கொள்வார்கள். பிறகு அதை மடித்து மடித்து உறுப்புகளின் அளவுகளைக் குறிப்பார்கள். உத்தம தசதாளம் என்னும் முறையில் முழு உயரமும் 124 பங்கு. நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டெனினும், பரவலாக வழங்கும் கணக்கு இது: உச்சியிலிருந்து முடியெல்லை வரை 4; முகம் 13½; கழுத்து 4; கழுத்திலிருந்து மார்பு, மார்பிலிருந்து கொப்பூழ், கொப்பூழிலிருந்து தொடையடி ஆகிய மூன்றும் தனித்தனியே 13½; தொடை 27; முழங்கால் 4; கணைக்கால் 27; பாதம் 4.

கூட்டிப் பாருங்கள், 124 வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். உச்சி முதல் தொடையடி வரை 62; அதற்குக் கீழும் 62. ஆகவே ஓலையை ஒருமுறை மடித்தாலே உடலின் நடு கிடைத்துவிடுகிறது. கீழ்ப்பாதியை மீண்டும் இரண்டாக மடித்தால் மடிப்பு 31-இல் விழும். தொடையும் முழங்காலும் சேர்ந்தால் 31. கணைக்காலும் பாதமும் சேர்ந்தாலும் 31. அளவுகோலே இல்லாமல், இரண்டே மடிப்பில், இரண்டு முக்கியமான இடங்கள் கிடைத்துவிட்டன!

திருமேனி ஒரு சாண் உயரமாயினும் ஓராள் உயரமாயினும் கணக்கு மாறுவதில்லை. ஓலையின் நீளமே மாறுகிறது. முழம் தனியளவு, ஒடியோலை விகித அளவு. விகிதம் என்னும் கணக்குக் கருத்தைக் கையால் மடித்தே கற்கும் மாணவன் அதை எளிதில் மறப்பதில்லை.

ஆறு அளவுகள்

உயரம் மட்டும் தெரிந்தால் உருவம் வந்துவிடுமா? வாராது. சிற்ப நூல்கள் ஆறு அளவுகளைக் கூறுகின்றன. மானம் என்பது உயரம், பிரமாணம் அகலம், உன்மானம் தடிமன், பரிமாணம் சுற்றளவு, உபமானம் உறுப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி, இலம்பமானம் தூக்குநூல் வழியே எடுக்கும் அளவு. நாம் இன்று வேறு பொருளில் வழங்கும் 'பரிமாணம்' என்னும் சொல் சிற்பியிடம் சுற்றளவைக் குறித்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இவ்வாறனுள் முதலிரண்டே தாளுக்கு முழுமையாக வசப்படுபவை. மற்ற நான்கையும் அறிய உருவத்தைச் சுற்றி வரவேண்டும். பக்கத்திலிருந்தும் பின்னிருந்தும் பார்க்க வேண்டும். நூல் கட்டி அளக்க வேண்டும். கொத்தனார் சுவருக்குத் தொங்கவிடும் தூக்குக்குண்டைப் போன்றதே சிற்பியின் தூக்குநூலும். அந்த நேர்கோட்டிலிருந்து மூக்கு எவ்வளவு முன்னே, முதுகு எவ்வளவு பின்னே என்று அளந்தால் மூன்றாவது பரிமாணம் எண்ணாகக் கைக்கு வந்துவிடும்.

இடைவெளியும் ஓர் அளவா என்று நீங்கள் கேட்கலாம். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு இடபவாகனரைச் சென்று பாருங்கள். கி.பி. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமேனி அது. இறைவன் ஒரு கையைக் காளையின் மீது ஊன்றி நிற்கும் கோலம். காளை இப்போது இல்லை. ஆயினும் மடங்கிய கையும் சாய்ந்த உடலும் அதன் உயரத்தையும் அது நின்ற இடத்தையும் நமக்கு உணர்த்திவிடுகின்றன. வெற்றிடத்துக்கும் வடிவம் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மேலைநாட்டில் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டனர். கஸ்பார் மோஞ்சு என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், ஒரு திண்மத்தின் முன் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் இணைத்து வரையும் முறையை வகுத்து, 1795-இல் பாரிசில் வெளிப்படையாகக் கற்பித்தார். இன்று பொறியியல் மாணவர் கற்கும் வரைபடக் கலை அதன் வழிவந்ததே. அம்முறை திண்மத்தைத் தாளுக்குக் கொண்டுவருகிறது. ஸ்தபதியின் முறை அளவிலிருந்து திண்மத்துக்குச் செல்கிறது. கையால் திண்மம் செய்து பழகியவருக்கு மோஞ்சின் படங்கள் எளிதில் விளங்கும்.

மெழுகு தரும் பாடம்

தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகே மாணவனின் பயிற்சிப் பொருள். இளஞ்சூட்டில் அது பிசைந்த மாவுபோல் வளையும்; தண்ணீரில் இட்டால் இறுகும். தலை, உடல், கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியே உருட்டிச் செய்து, சூடேற்றிய கருவியால் இணைப்பார்கள். தவறினால் வழித்து எடுத்துவிட்டு மீண்டும் செய்யலாம். தொடக்க மாணவனுக்கு இதைவிடப் பொறுமையான ஆசான் இல்லை.

ஆனால் இப்பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. மெழுகுருவின் மேல் முதலில் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை அரைத்த உமிக்கரியோடு குழைத்துப் பூசுவர். அடுத்து வயல் களிமண்ணும் மணலும். அதற்கும் மேலே பருமணல் கலந்த மண். நுண்ணிய வண்டல் மெழுகின் ஒவ்வொரு கீற்றையும் பதிவு செய்துகொள்ளும். உமிக்கரி கலந்திருப்பதால் மண் வெடிப்பதும் குறையும். உள்ளிருக்கும் காற்றும் வெளியேறும். அச்சு காய்ந்தபின் வறட்டித் தீயில் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் அச்சை உடைத்தே உருவத்தை எடுக்க வேண்டும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. எஞ்சுவது ஒரே ஒரு திருமேனி. மெழுகில் திருத்தாமல் விட்ட பிழை உலோகத்தில் நிலைத்துவிடும்.

எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும்? இங்கேயும் இயற்பியல் இருக்கிறது. மெழுகு இருந்த இடத்தை உலோகம் நிரப்புவதால் இரண்டின் பருமனும் ஒன்றே. மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ 0.96; வெண்கலத்தின் அடர்த்தி ஏறத்தாழ 8.7. ஆகவே எடை ஒன்பது மடங்கு. அரைக் கிலோ மெழுகுருவுக்கு நாலரைக் கிலோ உலோகமும், ஊற்றுவழிகளுக்குச் சிறிது கூடுதலும் வேண்டும். மெழுகை நிறுத்தே உலோகத்தைக் கணக்கிடும் இவ்வழக்கத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசம் குறிப்பிடுகிறது.

நாம் செய்யக்கூடியது

இக்கலை நெடுங்காலம் குடும்பத்துக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. இன்று அது கல்லூரியாக வளர்ந்திருப்பதால், பிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் வழி திறந்திருக்கிறது. ஆயினும் ஓலையை எங்கே மடிப்பது என்பதை நூலில் எழுதலாம். மெழுகு எந்தச் சூட்டில் கைக்கு இணங்கும் என்பதை எழுதிக் கற்பிக்க இயலாது. அருகில் அமர்ந்து கற்கும் மாணவன் இல்லாத பட்டறையில் அவ்வறிவு ஒரே தலைமுறையில் மறைந்துவிடும். அப்போது நாம் இழப்பது சிலைத் தொழிலை மட்டுமன்று. திண்மத்தைக் கற்பிக்கும் சோதித்துத் தேர்ந்த பாடமுறை ஒன்றையும் இழப்போம்.

மாணவ நண்பர்களே! இம்முறையில் ஒரு பகுதியை நீங்களே செய்து பார்க்கலாம். தென்னையோலை நறுக்கு ஒன்றை 31 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு பங்கு சரியாக 2.5 மி.மீ. ஆகும். அதை மடித்து மேற்கூறிய உறுப்பளவுகளைக் குறித்துக்கொண்டு, வாய்க்கால் கரைக் களிமண்ணில் நிற்கும் உருவம் ஒன்றைப் பிசைந்து செய்யுங்கள். ஒரு பலகையின் மேல் வைத்து, கால்மணிக்கு ஒருமுறை பலகையைக் கால்வட்டம் திருப்புங்கள். முன்புறம் அழகாகவும் பக்கவாட்டில் தட்டையாகவும் இருப்பது உங்களுக்கே தெரியவரும். அவ்விடத்தில் மண்ணைச் சேர்த்து, நூல் தொங்கவிட்டு அளந்து, மீண்டும் திருப்புங்கள். நான்கு பக்கமும் நிறைவு தரும்வரை விடாதீர்கள். மண்ணுக்கும் ஓலைக்கும் காசு வேண்டியதில்லை. ஒரு விடுமுறை நாள் போதும்.