'அருளர்', 'கலா': ஒரு அரைப்பக்க வரலாறு

ஈழத்தமிழரின் இசை வரலாறு என்று எழுதப்படுபவற்றில் நாதஸ்வரம் இருக்கும், தவில் இருக்கும், இசை நாடகம் இருக்கும். சபாவையும் சினிமாவையும் நம்பாமல் தாமே பாட்டுக் கட்டியவர்களுக்கு அங்கே அரைப்பக்கம்கூடக் கிடைப்பது அரிது. அந்த அரைப்பக்கத்தை எழுதிப் பார்க்கிறோம். நாம் விமர்சகர்கள் அல்லர். றிச்மண்ட் ஹில்லில் யங் வீதியோரச் சமையலறை ஒன்றில் கோப்பை கழுவியபடியும், வேலை முடிந்து பிஞ்ச் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸிலும் பாட்டுக் கேட்பவர்கள்.

1960களில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடியபோது, போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணப் பேச்சு ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தமிழ்நாடு வரை போயிற்று. அவர் 2018 இல் சென்னையிலேயே காலமானார். கலியாண வீடுகளில் எம் பெரியவர்கள் இவற்றுக்குக் கைதட்டினார்கள். சங்கீதம் என்று மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு போர். இயக்கப் பாடல்களைப் பற்றி வேறு பலர் எழுதிவிட்டார்கள். 2005 க்கு வருவோம்.

1986 இல் தாயோடு லண்டனுக்கு அகதியாகப் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், எக்ஸ்.எல். என்ற சுயாதீன நிறுவனத்தினூடாக 'அருளர்' அல்பத்தை அவ்வாண்டு வெளியிட்டார். அருளர் என்பது ஈரோஸைத் தொடக்கியவர்களுள் ஒருவரும் 'லங்கா ராணி' நாவலாசிரியருமான தகப்பனின் இயக்கப் பெயர். வீட்டில் இல்லாத தகப்பன் இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளைக் காணட்டும் என்றே அப்படி வைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பாட்டுகளின் எலும்புக்கூடு றோலண்ட் எம்.சி-505 என்ற ஒரு பெட்டியிற் கட்டப்பட்டது. அந்த வறுமை கேட்கவும் செய்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் பாதிக்குமேல் எமக்குச் சலிக்கும்.

தாயின் பெயரிட்ட 'கலா' (2007) வேறு. அமெரிக்க விசா இழுபட்டதால் சென்னை, ட்ரினிடாட், லைபீரியா என்று அலைந்து செய்தது. விசா மறுப்பால் நல்ல அல்பம் பிறந்தது என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆனால் நடந்தது அதுதான். 'பேர்ட் ஃபுளூ'வில் முதுகெலும்பாக நிற்பது உறுமி. யாழ்ப்பாணத்தில் பறையைச் சாவீட்டோடு நிறுத்தி, அதை அடித்தவர்களையும் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த சமூகம் எம்முடையது. உறுமி பறை அல்ல, ஆயினும் சபா மேடை இரண்டையும் ஒன்றாகவே ஒதுக்கியது. மிருதங்க அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிப்பவர்கள் 'கலா'வை வெறும் இரைச்சல் என்னும்போது, தீர்ப்புச் சொல்வது காது மட்டும் அல்ல என்றே எண்ணுகிறோம்.

'பேப்பர் பிளேன்ஸ்' அந்த விசாக் கோபத்திற் பிறந்தது. அடியில் ஓடுவது த கிளாஷ் குழு 1982 இல் குடியேறிகளைப் பற்றிப் பாடிய பாட்டின் இசைத்துண்டு. மேலே துவக்குச் சத்தமும் காசுப்பெட்டிச் சத்தமும். வந்தேறி பறிக்க வந்தவன் என்ற பயத்தை நையாண்டி செய்கிறது. எம்.டி.வி. துவக்குச் சத்தத்தை மழுக்கித்தான் போட்டது. எம்மோடு வேலைசெய்யும் அண்ணை ஒருவர், 2009 இல் வன்னியிலிருந்து மிஞ்சி வந்தவர், "உதை நிப்பாட்டுங்கோடா, பாட்டிலயும் கேக்க வேணுமோ" என்பார். நிற்பாட்டிவிடுவோம். நையாண்டியை அவருக்கு விளக்க எமக்கு வாய் வராது.

'மாயா' (2010) எம் காதுக்கு எட்டவில்லை. அவர் பின்னாளிற் சொன்னவை பலவற்றோடு எமக்கு உடன்பாடும் இல்லை.

யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல் 2021 இல் 'மேட் இன் ஜாஃப்னா' வெளியிட்டார். சொல்லைக் கையாள்வதில் எம்.ஐ.ஏ.யைவிடக் கெட்டிக்காரர். ஒலிதான் கழுவித் துடைத்ததுபோல் இருக்கிறது, 'கலா'வின் புழுதி இல்லை. அந்த அண்ணை இதை நிற்பாட்டச் சொல்லவில்லை. சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "ஆற்றை பெடியன்?" என்று கேட்டார்.