இரவு வேலைக்கும் பாடநூலுக்கும் இடையே: தாதியர் பட்டம் பெற்ற வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்னர், பெற்றோர் சந்திப்பு நாளன்று, என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் எல்லாருக்கும் முன்பாகவே வந்து அமர்ந்திருந்தார். சுங்கை வேயில் குடியிருப்பவர்; தாதியாகப் பணிபுரிபவர். இரவு வேலை முடிந்து வீட்டுக்குக்கூடச் செல்லாமல் நேரே பள்ளிக்கு வந்திருந்தார். மகளின் மதிப்பெண் அட்டையை வாங்கிக்கொண்ட அவர் கையில் தடித்த பாடநூல் ஒன்றும் இருந்தது. என் பார்வையைக் கண்டு, "நானும் மாணவிதான் ஐயா. வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்புப் படிக்கிறேன். பாதி வகுப்பு கணினியில்தான்" என்றார்.

எனக்கு வியப்பு. நோயாளியைத் தொட்டுத் தூக்கி, ஊசி போட்டு, புண்ணைத் துடைத்துச் செய்யும் தொழிலாயிற்றே! அதை இணையத்தில் படிப்பது எங்ஙனம் என்று கேட்டேவிட்டேன். "கைவேலை எனக்குத் தெரியும் ஐயா. அதை ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் இப்போது படிக்கிறேன்" என்று மறுமொழி கூறினார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருப்பதைப் பின்னர்த் தேடிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

மருத்துவமனையே பள்ளிக்கூடம்

நவீனத் தாதியர் பயிற்சி 1860-ஆம் ஆண்டில் இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நிறுவிய பள்ளியிலிருந்து தொடங்குகிறது. தமிழர் வாழும் மண்ணில், 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நான்கே மாணவியரோடு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இத்தகைய பள்ளிகளுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. பயில்பவர் மருத்துவமனையிலேயே தங்குவார், பயிலும்போதே உழைப்பார். கை தேர்ச்சி பெற்றது. ஆனால், மருத்துவர் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுவர, அவருக்கு அருகிலேயே நின்ற தாதி சான்றிதழோடு நின்றுவிட்டார்.

மலாயாவின் நிலையும் இதுவே. தாதியரைப் பதிவு செய்து முறைப்படுத்தும் சட்டம் இங்கு 1950-இல் வந்தது. அக்காலத் தோட்டப்புறத்தில் நம்மவர் கண்ட மருத்துவம், தோட்டத்து மருந்தகமும் அங்கிருந்த டிரெசரும்தான். பால்மரம் வெட்டச் சென்ற தாய்மாரின் குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் ஒரு மூதாட்டி பார்த்துக்கொண்டார். அந்தத் தோட்டங்களில் பிறந்த பெண்களுள் சிலர் பள்ளிப்படிப்பை முடித்துத் தாதியர் பயிற்சிக்குச் சென்றது அக்குடும்பங்களுக்குப் பெரிய ஏற்றமாக இருந்தது. சீருடையும் மாதச் சம்பளமும் வந்தன. பட்டம் பற்றி யாரும் எண்ணவில்லை.

பல்கலைக்கழகக் கதவு

தாதியருக்குப் பல்கலைக்கழகக் கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 1909-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் தாதியர் பள்ளியைத் தன்னுள் ஏற்றது. பிரிட்டிஷ் பேரரசில் முதல் தாதியியல் பட்டப்படிப்பை 1919-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் தொடங்கியது. நைட்டிங்கேல் அம்மையாரின் பிரிட்டனிலேயோ எடின்பரோ பல்கலைக்கழகத்தின் வழியாக 1960-இல்தான் அது வந்தது.

இதில் தமிழகம் முந்திக்கொண்டது என்பது நாம் பெருமையோடு நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தொடங்கிய தாதியர் பள்ளி, 1946-இல் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. அதே ஆண்டில் டில்லியிலும் ஒரு கல்லூரி தோன்றியது. இந்தியாவின் முதல் தாதியியல் பட்டப்படிப்புகள் இவையே.

மலேசியாவில், பணியிலுள்ள தாதியருக்கான பட்டப்படிப்பை மலாயாப் பல்கலைக்கழகம் 1993-இல் தொடங்கியது. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கணக்கிட்டால் 43 ஆண்டுகள்! கதவு திறந்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. முழுநேரம் படிக்க வேண்டுமெனில் பணியை விட்டு விலகி நிற்க வேண்டும். வீட்டுக்கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள ஒரு பெண்மணிக்கு அது எளிதா?

வீடு தேடி வந்த பல்கலைக்கழகம்

இதற்கு விடை தொலைக்கல்வியிலிருந்து வந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே வெளியிலிருந்து படிப்போருக்குத் தேர்வுகளைத் திறந்துவிட்டது. 1969-இல் நிறுவப்பெற்ற பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1971 முதல் அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி வழியே பாடம் நடத்தியது.

இம்முறையைத் தாதியருக்குப் பயன்படுத்துவதில் நம் அண்டை நாடுகள் முன்னின்றன. 1994-இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத் துணையுடன் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அந்நாட்டின் முதல் தாதியியல் பட்டப்படிப்பே அதுதான். அதே ஆண்டில் இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பணியிலுள்ள தாதியருக்குக் கதவு திறந்தது.

தொட்டுச் செய்யும் தொழிலுக்குத் தொலைக்கல்வி எப்படிப் பொருந்தியது? இப்படிப்பில் சேர்வோர் ஏற்கெனவே பயிற்சி முடித்துப் பதிவு பெற்ற தாதியர். நாள்தோறும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர். அவர்களுக்குக் குறைந்திருந்தவை ஆய்வுமுறை, புள்ளியியல், நிர்வாகம், சமூக நலவியல், தொழில் அறம் ஆகியவை. இவற்றை ஏட்டின் வழியும் திரையின் வழியும் கற்கலாம். புதிதாகத் தாதியாக விரும்பும் பள்ளி மாணவிக்கு இவ்வழி போதாது. அவருக்கு நோயாளியின் அருகில் நின்று பெறும் பயிற்சியே அடிப்படை.

சுங்கை வேயின் அண்டையில்

நம் நாட்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டில், 11 அரசுப் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியாகத் தோன்றியது. 2001-இல் சேர்ந்த முதல் அணியினர் 753 பேர். அதே பத்தாண்டில் அங்குத் தாதியர் பட்டப்படிப்பும் தொடங்கியது. அச்சிட்ட பாடநூல், வாரக் கடைசியில் சில நேர்முக வகுப்புகள், மற்ற நாள்களில் இணையத்தில் கலந்துரையாடல் என்பது அன்று அதன் முறையாக இருந்தது. கோலாலம்பூரில் இருந்த தலைமையகம் பின்னர்க் கிளானா ஜெயாவுக்கு இடம் மாறியது. அது சுங்கை வேக்குக் கூப்பிடு தூரம்.

இரவு வேலை சுங்கை வேக்குப் புதிதன்று. அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமத்தின் அருகே 1970-களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, தோட்டங்களிலிருந்து வந்த பெண்களும் இரவு பகலாக அங்கு உழைத்தனர். விடிந்தபின் உறங்கச் சென்ற அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுள் சிலர், விடிந்தபின் பாடநூலைத் திறந்தனர்.

பட்டத்தால் யாருக்குப் பயன்?

இவ்வளவு பாடுபட்டுப் படிப்பதால் நோயாளிக்கு என்ன நன்மை? பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா எய்க்கன் குழுவினர் 2003-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 விழுக்காடு கூடுதலாக இருந்த இடத்தில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் 30 நாள்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்திருந்தது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் கண்டது 7 விழுக்காடு. பட்டம் ஒன்றே உயிர் காத்தது என்று இதனைக் கொள்ளலாகாது. தாதியரின் எண்ணிக்கையும் பணிச்சுமையும் உடன் நிற்கும் காரணங்கள். ஆயினும் கல்வியைப் புறந்தள்ள இயலாது என்பது தெளிவு.

படித்தவருக்கு உடனடிப் பயன் கிடைத்ததா? எல்லாருக்கும் இல்லை. 2002-இல் நடப்புக்கு வந்த அரசு ஊதியத் திட்டத்தில் டிப்ளோமா தாதியருக்கு யு29, பட்டதாரித் தாதியருக்கு யு41 என்ற படிநிலைகள் இருந்தன. பட்டம் கையில் கிடைத்ததாலேயே ஒருவர் அடுத்த படிநிலைக்குச் சென்றுவிடவில்லை. காலியிடம் வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். கட்டணமும் தூக்கமும் மட்டும் காத்திருக்காமல் கழிந்தன.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நாங்கள் வீட்டிலிருந்து இணையத்தில் பாடம் நடத்தத் தடுமாறினோம். தாதியரோ மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்தனர். அவர்களுள் பலர் பாதுகாப்பு உடையைக் கழற்றிவிட்டு வந்து மடிக்கணினி முன் அமர்ந்த மாணவர்களும்கூட.

ஆசிரியராகிய எனக்கு இவ்வரலாறு அயலார் கதையன்று. சான்றிதழோடு பணியில் சேர்ந்து, விடுமுறையிலும் வாரக் கடைசியிலும் படித்துப் பட்டதாரியான தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலர் இதே வழியில் நடந்தவர்கள்தாம். ஆகவே, "இந்த வயதில் உனக்கு எதற்குப் படிப்பு?" என்று வீட்டில் யாரும் கேட்டால், ஒரு நொடி நிறுத்திச் சிந்திப்போம். படிக்கும் தாய்க்கு இரண்டு மணிநேர அமைதியைத் தருவதும், அவர் உறங்கும் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி.

அன்று அந்தத் தாயார் விடைபெறுமுன் மகளின் கணிதப் புள்ளிகளைச் சுட்டி, "இவளுக்கு விழுக்காடுதான் வரமாட்டேன் என்கிறது ஐயா. எனக்கும் புள்ளியியல்தான் கடினம். இருவரும் ஒரே மேசையில்தான் உட்காருகிறோம்" என்று சிரித்தார். அடுத்த தேர்வில் மகள் விழுக்காட்டுக் கணக்குகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.