கணினிக்கும் ஞாபக மறதி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'மெம்வார்' என்ற சொல் நன்றாகத் தெரியும். பெண்பாலில் வந்தால் ஞாபக சக்தி, ஆண்பாலில் வந்தால் நினைவுக் குறிப்பு. கணினி வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அதன் நினைவகத்துக்கும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, இரண்டாகப் பிரித்தார்கள். மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும் ரேம் 'மெம்வார் வீவ்', அதாவது உயிருள்ள நினைவு. மின்சாரம் போனாலும் அழியாத ரோம் 'மெம்வார் மோர்த்', செத்த நினைவு. உயிருள்ளதுதான் தடுமாறும் என்பதை எழுபதைத் தாண்டிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தடுமாற்றம் கணினி பிறந்த நாளிலிருந்தே உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் கட்டிய 'வேர்ல்விண்ட்' என்ற இயந்திரம் முதலில் கண்ணாடிக் குழாய்களில் தகவலைத் தேக்கி வைத்தது. அந்தக் குழாய்களைச் சரிபார்ப்பதற்கே தினம் நான்கு மணி நேரம் போனது. 1953-ல் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் அவற்றை எடுத்துவிட்டுச் சின்னஞ்சிறு காந்த வளையங்களைப் பொருத்தினார்கள். பராமரிப்பு வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வளையம். மாட வீதியில் பூக்கட்டுகிறவர்களின் பொறுமை வேண்டும் அதைக் கோக்க.

நம் நாட்டிலேயே கட்டிய முதல் பெரிய கணினியிலும் இந்த வளையங்கள்தான். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' அது. அந்தக் குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். டிஃப்ராக்கின் நினைவகம் 40 பிட் கொண்ட 2048 சொற்கள். இன்றைய கணக்கில் 10 கிலோபைட், கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூடப் போதாது. 1973-ல் மேற்கு ஜெர்மனி உதவியுடன் அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155-லும் காந்த வளையங்கள்தான்.

அதற்குள் வெளிநாட்டில் சிலிக்கான் சில்லு வந்துவிட்டது. 1966-ல் ஐ.பி.எம். பொறியாளர் ராபர்ட் டென்னார்டு கண்டுபிடித்த முறைதான் இன்றும் நம் வீட்டுக் கணினியில் ஓடுகிறது. ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம். அது ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்பும் முன் ஏதாவது ஒரு குடம் வற்றிவிட்டால் ஒன்று பூஜ்யமாகிவிடும்.

1978-ல் இன்டெல் நிறுவனத்துக்கு வேறொரு தலைவலி வந்தது. சில்லுகள் எப்போதாவது ஒருமுறை தப்பு செய்தன, மறுபடி சோதித்தால் சரியாக இருந்தன. திமோதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இருவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் துளியூண்டு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை விடும் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளைப் புரட்டிப் போட்டன. நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிற அதே தோரியம்தான்!

இந்த மாதிரி தப்புக்கு வைத்தியம் முன்பே இருந்தது. குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு அது சட்டென்று புரியும். பில்லில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே, அதே தந்திரம். எட்டு பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு காவல் பிட் வைத்தால் ஒரு பிட் தப்பானது தெரிந்துவிடும். தப்பு எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தவும் வழி உண்டு என்று 1950-ல் ரிச்சர்ட் ஹாமிங் காட்டினார். பெரிய சர்வர்களில் இந்தக் காவல் இன்றும் இருக்கிறது. நாம் வாங்கும் சாதாரண வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் செலவைக் கருதி விட்டுவிட்டார்கள். அதனால் நம் வீட்டில் தப்பு நடந்தால் சொல்ல ஆளில்லை.

சில வருஷங்களுக்கு முன் ரிச்சி தெருவில் ஒரு கடையில் 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். ஒரு வாரத்தில் திரை நீலமாகி நின்றது. பழைய புகைப்படங்களை நகலெடுத்தபோது சிலவற்றில் பாதிப் படம் சாம்பல் பட்டையாக வந்தது. கடைக்காரர் "விண்டோஸ் கோளாறு சார், ஃபார்மட் பண்ணுங்க" என்றார். எங்கள் குடியிருப்புப் பையன் ஒருவன் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். 1990-களிலிருந்து புழக்கத்தில் உள்ள சோதனை அது. விண்டோஸ் இல்லாமலே ஓடும். இரவெல்லாம் ஓட விட்டேன். விடிந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

உடனே கடைக்கு ஓடிவிடக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மறுபடி பொருத்த வேண்டும். பாதிக் கோளாறு இதிலேயே தீரும். பயாஸில் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் சாதாரண வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே சோதிக்க வேண்டும். தப்பு ரேமுடன் அடுத்த துளைக்கும் போனால் குற்றம் ரேமில். துளையிலேயே தங்கினால் மதர்போர்டில். எனக்கு எந்தத் துளையில் போட்டாலும் அதே முகவரியில் தப்பு வந்தது. ஆல்ஃபா துகள் ஒரே இடத்தில் தினமும் வந்து அடிக்காது. இது சில்லின் நிரந்தரக் குறை.

பில்லையும் சிவப்பு வரிகளின் படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று முறை நடந்த பிறகு மாற்றிக் கொடுத்தார்கள்.

மாற்ற மறுத்தால் சட்டம் நம் பக்கம். 1986-ல் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது நடப்பிலிருப்பது 2019-ஆம் வருஷத்துச் சட்டம், 2020 ஜூலை முதல் அமலில் உள்ளது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

ரேமை மாற்றியதோடு வேலை முடியாது. கெட்ட ரேம் இருந்த நாட்களில் நகலெடுத்த படங்கள், பென்ஷன் ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, கெட்டுப்போனவற்றை மூலத்திலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். அதுவரை பழைய ஹார்ட் டிஸ்கை அழித்துவிடாதீர்கள். நான் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தேன். பதினேழு படங்களை மீட்டேன். அதில் ஒன்று என் அப்பா வேட்டியில் சிரிக்கிற ஒரே படம்.